நாலு தெரு தள்ளி ஒரு வீடு

கணவர்: …அதுக்குத்தான் சொல்றேன், சுவர்க் கண்ணாடியை மடியில வெச்சுக்கிட்டு ஆடாதே. உடைஞ்சா புதுசு நீதான் வாங்கணும்.

மனைவி: நான் எங்க ஆடறேன். நீங்க தள்ற லட்சணத்துக்கு நாற்காலி ஆடுது. கொஞ்சம் இடது பக்கம்.

கணவர்: முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்கிட்ட இடது வலது சொல்றே.

மனைவி: பஸ்ல கண்டக்டர் விசில் அடிச்சாத்தானே நின்னீங்க, அடிச்சாத்தானே கிளம்பினீங்க. இப்ப நான் அடிக்கறேன். இடது.

கணவர்: போய்ட்டுத்தானே இருக்கேன்.

மனைவி: இன்னும் இடது. குழாய்க்காரங்க குழியை மூடாமப் போயிட்டாங்க.

கணவர்: பாத்தேன், பாத்தேன்.

மனைவி: பாத்துட்டுத்தான் நேரா அதுக்குள்ள போறீங்களா?

கணவர்: எவ்வளவு ஆழம்னு பாக்கலாம்னு…

மனைவி: அதை நான் இறங்கினப்புறம் பாருங்க. சரி, இப்ப நேரா.

கணவர்: சக்கர நாற்காலில குடிபோற குடும்பம் ஊருலயே நம்ம ஒண்ணுதான்.

மனைவி: ஆஸ்பத்திரில சும்மாதானே குடுத்தாங்க. முட்டி வலிக்குதுன்னேன். நடந்து காட்டுங்கன்னாங்க. காட்டினேன். நர்ஸம்மா பாத்துட்டு, போதும் போதும், எடுத்துட்டுப் போங்கன்னுட்டாங்க.

கணவர்: முட்டிக்குக் குடுத்த நாற்காலில தையல் மெஷினை ஏத்தினவ நீ.

மனைவி: நானும்தான் ஏறினேன். மெஷின் மடியில, நான் நாற்காலில. வழியில ரெண்டு பேரு பாவம்னு தள்ளிக் குடுக்கக்கூட வந்தாங்க.

கணவர்: நான் விடலையே.

மனைவி: விட மாட்டீங்களே. நில்லுங்க. நடைபாதைத் திட்டு, இறக்கம். மெதுவா… ம். முன் சக்கரம் இறங்கிடுச்சு. பின்னாடி விடுங்க.

கணவர்: வண்டிக்காரனைக் கூப்பிட்டிருந்தா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். பத்துப் பதினஞ்சு நாளா ஒரு குடும்பமே எறும்பு மாதிரி போய்ட்டிருக்கு.

மனைவி: அந்த ஆளு கேட்ட கூலியைக் கேட்டீங்களா. மூணு மாடி இறக்க ஒரு கூலியாம், ஏத்த ஒரு கூலியாம். புது வீடு தரையோட இருக்கு, எங்க ஏத்தப் போறேப்பான்னு கேட்டேன். வண்டில ஏத்தறதும் ஏத்தறதுதானேம்மாங்கறான்.

கணவர்: நியாயமாத்தான் படுது.

மனைவி: படும் படும். நாலு தெரு தள்ளிப் போறதுக்கு நாடு விட்டு நாடு போற கூலியா குடுப்பாங்க?

கணவர்: கூலி வேணாம். நம்ம பையன்தான் தன் வண்டியைச் சும்மாவே அனுப்பறேன்னானே.

மனைவி: அனுப்புவான். நம்ம சாமானை ஏத்துவான். உங்களையும் ஏத்துவான். நேரா அவன் வீட்டுல இறக்கிடுவான். அப்புறம் நான் எங்க போய்த் தேடுவேன்.

கணவர்: அதுவும் சரிதான்.

மனைவி: கட்டிலும் அலமாரியும் மட்டும்தானே பெருசு. தள்ளுவண்டிக்காரர் மத்தியானம் வியாபாரம் ஓயற நேரத்துல கொண்டாந்து போட்டார். அவர் பொண்ணுக்கு ரெண்டு சட்டை தெச்சுக் குடுத்தேன். முடிஞ்சுது கணக்கு.

கணவர்: அன்னிக்கும் என்னைச் சும்மா விட்டியா. வண்டியைப் பிடிச்சுக்கிட்டே கூட நடங்கன்னே.

மனைவி: கட்டில் விழுந்துட்டா?

கணவர்: கயிறு போட்டுக் கட்டின கட்டில்.

மனைவி: கயிறு அறுந்துட்டா? கொஞ்சம் வலது. இருங்க, கண்ணாடியைத் தோள் மேல சாச்சுக்கறேன். மடி மரத்துப்போச்சு.

கணவர்: ம். இப்ப என் மூஞ்சிக்கு நேரா இருக்கு.

மனைவி: மூஞ்சி எப்படி இருக்கு?

கணவர்: முடி வெட்டணும்.

மனைவி: …

கணவர்: என்ன, பேச்சைக் காணோம்.

மனைவி: ஆமா. வெட்டணும்.

கணவர்: பொண்ணு வர்றதுக்குள்ள வெட்ட முடியாது. அவ எப்ப வரா?

மனைவி: சாயங்கால பஸ்ல. அதுக்குள்ள இதைக் கொண்டுபோய் மாட்டிட்டா வீடு முடிஞ்சுது. இதுதான் கடைசி நடை.

கணவர்: ஒரு குறை கண்டுபிடிச்சாப் போதும் அவளுக்கு. உன்னை அவ வீட்டுக்கு, என்னைப் பையன் வீட்டுக்கு. நாப்பது வருஷக் குடித்தனத்தைப் பாகம் பிரிச்சுருவாங்க.

மனைவி: வந்து பாக்கட்டும். ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், வீடு ஒழுங்கா இருக்குன்னு அவ கண்ணால பாத்துட்டா விட்டுடுவா. சொல்லியிருக்காளே.

கணவர்: எனக்குப் பயமாத்தான் இருக்கு.

மனைவி: எனக்கும்தான். நில்லுங்க. எங்க போறீங்க?

கணவர்: நேரா.

மனைவி: வலது பக்கம் திரும்பணும். மரப்பட்டறை முக்கு தாண்டிட்டீங்க.

கணவர்: …பட்டறை இன்னிக்கு மூடியிருக்கா?

மனைவி: மூடித்தான் இருக்கு. ரம்பச் சத்தம் கேக்கலையே.

கணவர்: அதான. எனக்குத் தெரியும். நீ தூங்கிட்டியான்னு பாத்தேன்.

மனைவி: தூங்கல. திருப்புங்க. பட்டறை மூடியிருந்தாலும் மரத்தூள் வாசனை வரும். கவனிச்சா வரும்.

கணவர்: எதுக்கு அதைப் போய் என்கிட்ட சொல்றே?

மனைவி: சும்மா. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியல. இதோ, மேடு வருது. மூச்சைப் பிடிச்சுத் தள்ளுங்க.

கணவர்: தள்றேன்… பாரேன், இந்த மேட்டுல மட்டும் நாற்காலி லேசாயிடுது.

மனைவி: ரோடு நல்லாப் போட்டிருக்காங்க.

கணவர்: மேட்டுல நல்லாப் போட்டுட்டு, சமதரையில மோசமாப் போட்டிருக்காங்களா?

மனைவி: காண்ட்ராக்டர் அப்படி.

கணவர்: உன் குரல் ஏன் மேலேர்ந்து வருது?

மனைவி: நிமிர்ந்து உக்காந்திருக்கேன்.

கணவர்: ரொம்ப நிமிர்ந்து உக்காந்திருக்கே.

மகள்: அம்மா.

மனைவி: அடி, நீயா!

மகள்: அம்மா, நீ நடக்கறே.

மனைவி: நீ சாயங்காலம் வரேன்னுதானே சொன்னே?

மகள்: முந்தின பஸ் கிடைச்சுது. பேச்சை மாத்தாதே. முட்டி தேஞ்சுபோச்சு, ஒரு படி ஏற முடியலன்னு போன்ல அந்த அழுகை அழுதே. நான் ஆபரேஷனுக்கு டாக்டர்கிட்ட நாள் வாங்கி வெச்சிருக்கேன்.

கணவர்: நடக்கறாளா? யாரு, இவளா?

மகள்: உங்க பக்கத்துல நாற்காலிக் கையைப் பிடிச்சுட்டு நிக்கறாப்பா.

கணவர்: நான் ரோட்டைப் பாத்துட்டு வரேம்மா. டிரைவர் திரும்பித் திரும்பிப் பயணியைப் பாக்கக் கூடாது.

மகள்: அப்ப நாற்காலில போர்வை போத்திக்கிட்டு உக்காந்திருக்கறது யாரு?

மனைவி: கண்ணாடி.

மகள்: கண்ணாடிக்கு முட்டி வலியா?

மனைவி: உடைஞ்சுரக் கூடாதுன்னு வீட்டுலயே சுத்திட்டேன்.

கணவர்: …போர்வையா சுத்தியிருக்கு?

மனைவி: கெட்டிப் போர்வை.

கணவர்: ம்.

மகள்: என்ன ம்? என்னப்பா நடக்குது இங்க?

கணவர்: ஒண்ணும் இல்ல. எப்படி இளைச்சுட்டே பாரு நீ.

மகள்: இளைச்சிட்டேனா? எடை கூடிப்போச்சுன்னு போன வாரம்தான் டாக்டர் திட்டினார்.

கணவர்: பெத்தவன் கண்ணுக்கு இளைச்ச மாதிரிதான் தெரியும்.

மகள்: விடுங்க, நான் தள்றேன்.

கணவர்: வேணாம்.

மகள்: வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு. குடுங்கப்பா.

கணவர்: ஸ்டியரிங்கை நான் யார்கிட்டயும் குடுத்ததில்ல. நீ அம்மாவோட பேசிட்டு வா.

மனைவி: விடுடி. அவரே வரட்டும்.

மகள்: பிடிவாதம் மட்டும் ரெண்டு பேருக்கும் தேயல… அப்பா, பாத்து, நாய் படுத்திருக்கு.

கணவர்: அது எப்பவும் அங்கதான் படுத்திருக்கும். குறட்டை விடும். நான் சுத்திப் போயிடுவேன்.

மகள்: நீ ஏம்மா திடீர்னு வாயை மூடிட்டே? வழியெல்லாம் பேசிட்டு வருவியே.

மனைவி: பேச என்ன இருக்கு. அவரு போறாரு, நாம பின்னாடி போறோம்.

மகள்: ஏன் அவரையே அப்படிப் பாக்கறே?

மனைவி: என் புருஷன். பாக்கறேன்.

கணவர்: வந்தாச்சு. இரு, பூட்டைத் திறக்கறேன். சாவி… இதோ. ம். உள்ள வா. தலை இடிக்கும், குனி.

மகள்: பரவாயில்லையே. எல்லாம் வந்துடுச்சா? நான் பாதி சாமான் வாசல்ல கிடக்கும்னுல்ல நெனச்சேன்.

மனைவி: கண்ணாடியை அந்த ஆணில மாட்டு. வீடு முடிஞ்சுது.

மகள்: பழைய வீட்டையே தூக்கி வெச்ச மாதிரி இருக்கும்மா. கட்டில் அதே பக்கம். மேசை அதே மூலை. தண்ணிக் குடம் அடுப்புக்கு அந்தப் பக்கம். செருப்பு வைக்கற இடம்கூட… அலமாரியை யாரு இங்க வெச்சது?

மனைவி: நான்தான்.

மகள்: ஜன்னலை மறைச்சுட்டு நிக்குது.

மனைவி: பழைய வீட்டுலயும் அது அங்கதானே நின்னுது.

மகள்: அங்க பின்னாடி சுவர் இருந்துச்சும்மா. இங்க ஜன்னல் இருக்கு. இருக்கற ஒரு ஜன்னலையும் அடைச்சுட்டு எதுக்கு வாடகை குடுக்கணும்?

மனைவி: பழகினது பழகினபடி இருக்கட்டுமே.

கணவர்: இந்தா, தண்ணி குடி. அலைஞ்சு வந்திருக்கே.

மகள்: அப்பா, டம்ளருக்குள்ள விரலை விட்டுக் கொண்டாறீங்க.

கணவர்: நிரம்பிடுச்சான்னு பாத்தேன்.

மகள்: கண்ணால பாக்கலாமே.

மனைவி: சுத்தமான கைதான். குடி.

மகள்: …சரி, ரெண்டு பேரும் உக்காருங்க. நான் ஒண்ணு சொல்லணும்.

மனைவி: சொல்லு.

மகள்: நான் உண்மையில சண்டை போடற மாதிரிதான் கிளம்பி வந்தேன். அம்மாவை நான் கூட்டிட்டுப் போறது, அப்பாவைத் தம்பி கூட்டிட்டுப் போறதுன்னு ராத்திரியே அவன்கிட்ட பேசி முடிச்சுட்டேன். வந்து பாத்தா… அம்மா மேட்டுல நடக்கறா. அப்பா நாற்காலியைத் தள்ளிட்டு ஜம்முனு போறார். வீடு துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. நான்தான் தேவையில்லாம பயந்துட்டேன் போலிருக்கு. நீங்க இங்கயே இருங்க. சேர்ந்தே இருங்க. தம்பிகிட்ட நான் சொல்லிக்கறேன்.

கணவர்: இன்னொரு தடவை சொல்லு.

மகள்: சேர்ந்தே இருங்கப்பா.

கணவர்: நல்லா இரு தாயி.

மனைவி: …நான் போய் டீ போடறேன்.

மகள்: ஏம்மா கண்ணைத் துடைக்கறே?

மனைவி: அலமாரித் தூசி.

மகள்: அதான் சொன்னேன். வந்ததுக்கு நான் ஒரு வேலையாவது செஞ்சுட்டுப் போறேன். அலமாரி லேசாத்தான் இருக்கு, தள்ளிடலாம். ஸ்டூலை இப்படி எடுத்து வெச்சுட்டு…

மனைவி: எதையும் நகர்த்தாதே.

மகள்: என்னம்மா? அடுப்புச் சத்தத்துல கேக்கல.

மனைவி: எதையும் நகர்த்தாதேன்னேன்.

மகள்: நகர்த்திட்டேன். பாரு, எவ்வளவு வெளிச்சம் வருது. அப்பா, இப்படி வந்து ஜன்னல் கிட்ட நில்லுங்க, காத்து என்னமா வருது பாருங்க.

கணவர்: வரேன்… ஐயோ.

மகள்: அப்பா.

மனைவி: என்னாச்சு? விழுந்துட்டாரா?

கணவர்: ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. கால் தடுக்கிடுச்சு. என்னது இது?

மகள்: ஸ்டூல்.

கணவர்: ஸ்டூல் எங்க இங்க வந்துச்சு?

மகள்: நான் இப்பத்தானேப்பா உங்க கண்ணு முன்னாடி தூக்கி வெச்சேன்.

கணவர்: வெச்சியா.

மகள்: …அப்பா. என்னைப் பாருங்க.

கணவர்: பாத்துட்டுத்தான் இருக்கேன்.

மகள்: நான் இந்தப் பக்கம் இருக்கேன்.

கணவர்: இந்தப் பக்கமா?

மகள்: எப்பலேர்ந்து?

கணவர்: அப்படி ஒண்ணும் இல்லம்மா. கொஞ்சம் புகை மூட்டமா… வெளிச்சம் தெரியுது. ஆள் நிக்கறது தெரியுது. மூஞ்சிதான் தெரியல. அம்மாகிட்ட சொல்லாதே. அவளே முட்டி வலின்னு…

மனைவி: அம்மா இங்கதான் நிக்கறேன்.

கணவர்: …டீ போடறேன்னு போனியே.

மனைவி: அடுப்பை அணைச்சுட்டு வந்துட்டேன். நீங்க சளி மருந்துன்னு சொல்லி ஒளிச்சு வெக்கற பாட்டில் கண்ணுக்கு விடற சொட்டு மருந்துன்னு எனக்குத் தெரியாதா? சளி மருந்தை யாராவது அண்ணாந்து கண்ணுல விடுவாங்களா?

கணவர்: உனக்கு எப்பத் தெரியும்?

மனைவி: போர்வை சுத்தின கண்ணாடியைப் பாத்து முடி வெட்டணும்னீங்களே, அதுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும். ஒரு நாள் பழைய வீட்டு மாடிப்படில, ரெண்டாவது மாடித் திருப்பத்துல, சுவரைத் தடவிக்கிட்டு நின்னீங்க. நான் மேலேர்ந்து பாத்துட்டு இருந்தேன். அன்னிக்குத்தான் எனக்கு முட்டி வலி வந்துச்சு.

மகள்: மூணு மாடி ஏற முடியலன்னு அழுதது…

மனைவி: வேற வீடு பாக்கணும்னா யாராவது ஒருத்தர் அழணுமில்ல. அவரு அழ மாட்டாரு.

மகள்: டாக்டர் என்னப்பா சொன்னார்?

கணவர்: போனது வராதாம். இருக்கறதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாத்திக்கலாமாம்.

மகள்: எனக்கு அழுகையா வருது.

கணவர்: அழு. அழுதுக்கிட்டே அந்த ஸ்டூலை எடுத்த இடத்துல வை.

மனைவி: எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியாதுன்னுல்ல நெனச்சேன்.

கணவர்: அது தெரியாது, இன்னிக்குப் போர்வைன்னதும் ஒரு சந்தேகம், அவ்வளவுதான். நீ மேட்டுல இறங்கி நடக்கறது மட்டும் தெரியும்.

மனைவி: எப்படி?

கணவர்: தள்றவனுக்குத் தெரியாதா. உன் எடை என்ன கொஞ்சமா?

மனைவி: தெரிஞ்சும் ஏன் கேக்கல?

கணவர்: கேட்டா நாற்காலியைத் திருப்பிக் குடுத்துடுவே. அப்புறம் நான் எதைப் பிடிச்சுக்கிட்டுத் தெருவுல நடக்கறது?

மகள்: கடவுளே. அப்ப நான் சொன்னது செல்லாது. கண்ணு தெரியாதவரை இங்க விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? தம்பி வீட்டுல ஆள் இருக்கு, பாத்துக்குவாங்க…

கணவர்: தம்பி வீட்டுல சுவர் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. அங்க நான் யாராவது கையைப் பிடிக்கறவரைக்கும் ஒரு மூலையில உக்காந்திருக்கணும். இங்க உனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தேன்ல.

மகள்: விரலை விட்டு.

கணவர்: விரலை விட்டுத்தான். சிந்தாமக் கொண்டாந்தேனா இல்லையா?

மகள்: …கொண்டாந்தீங்க.

கணவர்: மேட்டுலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் உங்கம்மா ஒரு வார்த்தை பேசல. கவனிச்சியா? நானேதான் வந்தேன். நீயும் பின்னாடியேதான் வந்தே. உனக்கு ஏதாவது தெரிஞ்சுதா?

மகள்: தெரியலப்பா.

கணவர்: அப்புறம் என்ன.

மகள்: …பிடிம்மா அந்தப் பக்கம். அலமாரியை ஜன்னலை மறைச்சே வெச்சுடலாம். இன்னும் கொஞ்சம் உன் பக்கம். அப்பா, இப்ப வந்து தொட்டுப் பாருங்க. சரியா இருக்கா?

கணவர்: ம். இதான் இடம்.

மகள்: வாரா வாரம் வருவேன். வேணாம்னு சொல்லக் கூடாது.

கணவர்: வா. வந்தா எதையும் தொடாதே.

மகள்: ஆனா ஒண்ணு மட்டும் புரியலம்மா. கூலி குடுக்க மனசில்ல, சரி. தம்பி சும்மாவே வண்டி தரேன்னானே. உன்கிட்டயும் கேட்டான், என்கிட்டயும் சொல்லிப் புலம்பினான். நாலே தெரு. ஒரே நடையில முடிஞ்சிருக்கும். இந்த வெயில்ல இத்தனை நாள், கரண்டியும் தட்டுமா, இவரை இப்படி இழுத்தடிச்சு… ஏம்மா வேணாம்னே?

மனைவி: முடிஞ்சிருக்கும்தான். வண்டிக்கு வழி தெரிஞ்சிருக்கும். இவருக்கு?